பிளாடன்ஸ்பர்க் சமாதானச் சிலுவை: டிராஃபிக்குக்கு நடுவே அம்மாக்கள் வைத்த கல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாஷிங்டனுக்கு வருகிற சொந்தக்காரர்களை ஊர் சுற்றிக் காட்டுகிற பட்டியலில் இதைச் சேர்க்காதீர்கள். லிங்கன் மண்டபம், வியட்நாம் போர்ச் சுவர் எல்லாம் பார்த்துவிட்டு அதே கணக்கில் இங்கே வந்தால், "இதற்காகவா இவ்வளவு தூரம் கூட்டிவந்தாய்?" என்று கேட்டுவிட்டு காரைவிட்டு இறங்காமலேயே திரும்பிவிடுவார்கள். அவர்கள் கேட்பதிலும் தப்பில்லை. வாஷிங்டன் எல்லையைத் தாண்டியதும் மேரிலாந்து மாநிலத்தில், பிளாடன்ஸ்பர்க் ரோடு, பால்டிமோர் அவென்யூ, அனாப்பொலிஸ் ரோடு மூன்றும் வந்து முட்டுகிற சந்திப்பின் நடுத்திட்டில், பீடத்தோடு சேர்த்து சுமார் 40 அடி உயரத்துக்கு ஒரு கான்கிரீட் சிலுவை நிற்கிறது. அவ்வளவுதான். தினமும் அந்த வழியாக வேலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அது வழி சொல்ல உதவுகிற ஓர் அடையாளம், மீதிப் பேருக்கு சிக்னலில் நிற்கும்போது கண்ணில் படுகிற ஏதோ ஒரு பழைய கட்டுமானம்.

நட்சத்திரம் போடச் சொன்னால், சின்னத்துக்கு நாலு போடுவேன், அது நிற்கிற இடத்துக்கு ஒன்றரைக்கு மேல் போட மாட்டேன். இந்த ஒன்றரைக்கு எந்தத் தனி மனிதரும் காரணமில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது இத்தனை வண்டிகள் வரும் என்று யார் கண்டார்கள்?

சரி, பார்க்க என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் மங்கலான பழுப்பு நிறத்தில் சாதாரண சிமெண்ட் மாதிரிதான் தெரியும். கிட்டப் போனால்தான் மேல்பரப்பு முழுக்கச் சின்னச் சின்னக் கல் துணுக்குகள் வெளியே தெரிகிற மாதிரி செய்திருப்பது புரியும். இதைச் செய்தவர் ஜான் ஜோசப் எர்லி. கான்கிரீட்டின் மேல்பூச்சை எடுத்துவிட்டு உள்ளே இருக்கிற கற்களையே நிறமாகவும் அலங்காரமாகவும் காட்டுகிற வேலையில் அந்தக் காலத்தில் பேர் வாங்கியவர், வாஷிங்டனின் மெரிடியன் ஹில் பூங்காவில் நடந்தவர்கள் அவர் கைவேலையை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள், அவர் பேர் தெரியாமல். சிலுவையின் நடுவே அமெரிக்கன் லீஜன் என்கிற முன்னாள் படைவீரர் சங்கத்தின் முத்திரை. அடியில் நாலு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக நாலு சொற்கள்: வீரம், பொறுமை, துணிவு, அர்ப்பணிப்பு.

போனால் மிஸ் பண்ணக் கூடாதது பீடத்தில் இருக்கிற வெண்கலத் தகடு. 9 அடி நீளம், இரண்டரை அடி உயரம். முதல் உலகப் போரில் இறந்த பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டிக்காரர்கள் 49 பேரின் பெயர்கள் அதில் இருக்கின்றன (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி, பிளாடன்ஸ்பர்க் அதில்தான் இருக்கிறது). கறுப்பினத்தவர், வெள்ளையர் இருவரையும் சேர்த்து ஒரே தகட்டில் போட்டிருக்கிறார்கள், இதைப் படித்தவுடன் பெரிதாகத் தோன்றாது, ஆனால் வருஷத்தைச் சேர்த்துப் பாருங்கள். சிலுவையைத் திறந்து வைத்தது 1925 ஜூலை 12. அடுத்த மாதமே பக்கத்து வாஷிங்டனில் கு க்ளக்ஸ் கிளான் என்கிற வெள்ளை இனவெறிக் கூட்டத்துக்காரர்கள் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு பென்சில்வேனியா அவென்யூவில் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். மேரிலாந்தில் பள்ளிக்கூடமும் ரயில் பெட்டியும் தனித்தனியாக இருந்த காலம் அது. அந்தச் சூழலில் ஒரே பட்டியலில் பெயர் போட்டது சின்ன விஷயம் இல்லை என்பது என் கருத்து.

தகட்டிலேயே இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அமெரிக்கா போரில் இறங்க அனுமதி கேட்டு 1917 ஏப்ரலில் ஜனாதிபதி உட்ரோ வில்சன் அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸில் பேசிய பேச்சிலிருந்து சில வரிகளைக் கீழே பொறித்திருக்கிறார்கள், சமாதானத்தைவிட நியாயம் பெரிது என்று தொடங்குகிற வரிகள். ஊர் கூப்பிடுகிற பேரோ சமாதானச் சிலுவை! செதுக்கியவர்களுக்கு இது உறுத்தவே இல்லையா என்று எனக்குத் தோன்றியது. போர் முடிந்த சூட்டில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்திருக்கிறது போல.

இப்போது நான் இதற்கு நாலு நட்சத்திரம் போடுவதன் காரணத்துக்கு வருகிறேன், அது அந்தத் தகட்டில் இல்லை. இதைக் கட்டத் தொடங்கியவர்கள் அம்மாக்கள். 1918 கடைசியில், போர் முடிகிற சமயத்தில், கவுண்டிக்காரர்கள் சேர்ந்து நினைவுச் சின்னம் வைக்க ஒரு குழு அமைத்தார்கள், அதில் மகனைப் பறிகொடுத்த பத்துத் தாய்மார்கள் இருந்தார்கள். எந்த வடிவம் என்று முடிவு செய்தது, எர்லியை அமர்த்தியது, ஆட்களிடம் கையெழுத்தும் பணமும் வாங்கியது எல்லாம் அந்தக் குழுதான். 1919 செப்டம்பர் 28 அன்று பூமி பூஜை மாதிரி முதல் மண் வெட்டுகிற நிகழ்ச்சி வைத்தார்கள். கடற்படைச் செயலாளர் ஜோசஃபஸ் டேனியல்ஸ் வந்து பேசினார். ஆனால் மண்ணை வெட்டியது மந்திரி இல்லை. அந்தக் கவுண்டியிலிருந்து பிரான்சுக்குப் போய் முதலில் செத்த பையனின் அம்மா. இதைப் படித்ததும் எனக்கு இந்தக் குழுமேல் மரியாதை கூடிவிட்டது. நம்மூரில் இப்படி ஒரு விழா என்றால் மண்வெட்டி யார் கையில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தக் குழுவின் பொருளாளரும் மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மாதான். அவர் 1920இல் ஒரு செனட்டருக்கு எழுதிய கடிதம் பின்னால் வழக்கு நடந்தபோது வெளியே வந்தது, உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் நான் இவ்வளவு ஆழமாக உணர்வதற்கு முக்கியக் காரணம் என் மகன் பிரான்சில் உயிரிழந்ததுதான், இந்த நினைவுச் சிலுவை ஒரு வகையில் அவன் கல்லறைக் கல் என்றே எனக்குத் தோன்றுகிறது, என்று எழுதியிருக்கிறார். தேசம், தியாகம், வீரம் என்ற சொற்களெல்லாம் பீடத்தைச் சுற்றிப் பின்னால் வந்து சேர்ந்தவை. இந்த அம்மா கேட்டது போய் நிற்க ஒரு கல். நம்மூர் வயல் ஓரத்தில் நிற்கிற நடுகல்லுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கல்லறைக் கல் என்று ஏன் சொல்கிறார் என்பதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும். அந்தப் போரில் அமெரிக்கா இழந்தது சுமார் 1,16,000 பேரை. பாதிக்கு மேல் குண்டு பட்டுச் சாகவில்லை, பெரும்பாலும் காய்ச்சலிலும் நிமோனியாவிலும் போனவர்கள். ஐரோப்பாவில் புதைத்தவர்களை என்ன செய்வது என்று போர் முடிந்ததும் பெரிய தர்க்கம். அரசாங்கம் குடும்பங்களிடமே கேட்டது: உடலைக் கொண்டுவரவா, அங்கேயே இருக்கட்டுமா? பெரும்பாலோர் கொண்டுவரச் சொன்னார்கள், சுமார் 30,000 பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், தபாலில் ஒரு படிவம் வருகிறது, மகனை எங்கே வைப்பது என்று டிக் போட வேண்டும். அங்கேயே இருக்கட்டும் என்று எழுதிய அம்மாவுக்கு ஆயுசுக்கும் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க முடியும் என்று எந்த உத்தரவாதமும் அப்போது இல்லை, கப்பல் டிக்கெட் சாதாரணக் குடும்பம் வாங்குகிற விலையிலும் இல்லை.

அதற்கு வழி பிறக்கப் பத்து வருஷம் ஆனது. அம்மாக்கள் சங்கங்கள் விடாமல் கேட்டுக் கேட்டு, 1929இல் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது: ஐரோப்பாவில் புதைக்கப்பட்ட வீரர்களின் தாய்மார்களையும் மனைவிகளையும் அரசு செலவில் கூட்டிப் போய்க் கல்லறையைக் காட்டுவது. 1930 முதல் 1933 வரை 6,600க்கு மேற்பட்ட பெண்கள் போய் வந்தார்கள். மனைவி என்றால் மறுமணம் செய்யாதவராக இருக்க வேண்டும், வேறு கல்யாணம் செய்துகொண்டவருக்கு அந்தக் கல்லறையில் அழ அரசு டிக்கெட் கிடையாது. கறுப்பின அம்மாக்களைத் தனிக் குழுவாக, தனிக் கப்பலில் அனுப்பினார்கள். வெள்ளை அம்மாக்களோடு சேர்த்து அனுப்ப மாட்டோம் என்றதும் அவமானம் தாங்காமல் வர மாட்டேன் என்று மறுத்தவர்களும் உண்டு. பிள்ளைகள் பெயரை ஒரே தகட்டில் போட முடிந்தது, அம்மாக்களை ஒரே கப்பலில் ஏற்ற முடியவில்லை!

பிளாடன்ஸ்பர்க் கதைக்குத் திரும்புகிறேன். 1922 வாக்கில் குழுவிடம் காசு தீர்ந்துவிட்டது. வேலை பாதியில் நின்றது. அப்புறம்தான் அமெரிக்கன் லீஜனின் உள்ளூர்க் கிளை பொறுப்பை வாங்கிக்கொண்டு 1925இல் முடித்தது. திறப்பு விழாவில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் தொடக்க ஜெபம் சொன்னார், பாப்டிஸ்ட் போதகர் ஒருவர் முடிவு ஆசீர்வாதம் சொன்னார், நடுவில் காங்கிரஸ் உறுப்பினர் பேசினார். முடித்துக் கொடுத்தவர்களுக்கு முத்திரை வைக்க உரிமை உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் எடுக்காவிட்டால் பாதியில் நின்ற கான்கிரீட் கட்டையாகவே போயிருக்கும். ஆனால் இன்று கல்லுக்கு முன்னால் நின்று படிக்கிறவருக்குக் கிடைப்பது சங்கத்தின் முத்திரை, ஜனாதிபதியின் வாசகம், 49 ஆண்களின் பெயர். காசு சேர்த்தவர்கள் யார், முதல் மண்ணை வெட்டியது யார் என்று தெரிந்துகொள்ள நீங்கள் நீதிமன்றத் தீர்ப்பைத்தான் எடுத்துப் படிக்க வேண்டும். இந்த ஒரு நட்சத்திரத்தை நான் கழித்தது இதற்குத்தான்.

வருஷங்கள் போகப் போக ஊர் வளர்ந்தது, சிலுவையைச் சுற்றிச் சாலை பெருத்தது. 1961இல் மேரிலாந்து தலைநகர்ப் பூங்கா, திட்ட ஆணையம் என்கிற அரசு அமைப்பு, சின்னத்தைக் காப்பாற்றவும் போக்குவரத்துப் பாதுகாப்புக்காகவும், நிலத்தையும் சிலுவையையும் எடுத்துக்கொண்டது. விழா நடத்துகிற உரிமை மட்டும் லீஜனுக்குத் தொடர்ந்தது. அப்புறம் ஐம்பது வருஷத்தில் பராமரிப்புக்கு ஆன செலவு சுமார் 1,17,000 டாலர், 2008இல் பழுதுபார்க்க இன்னும் 1,00,000 டாலர் ஒதுக்கினார்கள். அரசு நிலம், அரசுப் பணம், சிலுவை. அமெரிக்காவில் இந்த மூன்றும் சேர்ந்தால் கேஸ் வராமல் இருக்குமா?

2012இல் மதம் சாராதவர்களின் அமைப்பான அமெரிக்க மனிதநேயச் சங்கம் புகார் கொடுத்தது, 2014இல் அந்தச் சங்கமும் உள்ளூர்க்காரர்கள் சிலரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். அரசு எந்த மதத்தையும் தூக்கிப்பிடிக்கக் கூடாது என்கிற அரசியலமைப்பு விதியை இது மீறுகிறது, இடம் மாற்றுங்கள், இடியுங்கள், அல்லது குறுக்குக் கைகளை எடுத்துவிட்டு வெறும் தூணாக நிறுத்துங்கள் என்பது வாதம். மாவட்ட நீதிமன்றத்தில் ஆணையம் ஜெயித்தது, 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று புரட்டிப்போட்டது, கடைசியில் 2019 ஜூன் 20 அன்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் சிலுவை இருக்கலாம் என்றது. நீதிபதி சாமுவேல் அலிட்டோ எழுதிய தீர்ப்பின் சாரம் இது: முதல் உலகப் போரின் கல்லறைத் தோட்டங்களில் வரிசை வரிசையாக நின்ற சிலுவைகளைப் பார்த்த தலைமுறைக்கு அந்த வடிவம் இறந்த வீரனின் அடையாளமாகவும் ஆகியிருந்தது, இத்தனை காலத்துக்குப் பிறகு அதைப் பிடுங்கினால் அது நடுநிலையாகத் தெரியாது, மதத்தின் மேல் பகையாகத்தான் தெரியும். அந்த அம்மாவின் கல்லறைக் கல் வாசகத்தை அவர் எடுத்துப் போட்டது இந்த வாதத்துக்காகத்தான். மறுத்து எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், இன்னொரு நீதிபதி சோனியா சொட்டோமேயர் அவரோடு சேர்ந்துகொண்டார். யூதர்களின் சின்னமான தாவீதின் நட்சத்திரம் கிறிஸ்தவ வீரர்களுக்கு நினைவுச் சின்னம் ஆகாதது போலவே சிலுவையும் மற்ற மதத்தவருக்கு ஆகாது, இதே போரின் கல்லறைகளில் யூத வீரர்களுக்கு நட்சத்திரம்தானே வைத்தார்கள் என்று கேட்டார்.

என்னைக் கேட்டால், கின்ஸ்பர்க் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அது இன்று புதிதாக யாராவது அரசு நிலத்தில் சிலுவை வைக்க வந்தால் பொருந்துகிற நியாயம். அந்த அம்மாக்கள் கண்ணுக்குத் தெரிந்த கல்லறை வடிவத்தைத்தான் கேட்டார்கள், பிரசங்கம் செய்ய வரவில்லை. கைகளை வெட்டுகிற யோசனை மட்டும் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இடம் மாற்றுவது வேறு, இடிப்பதுகூட ஒரு நேரடி முடிவு, மகனுக்கு வைத்த கல்லைக் கை முறித்து அதே இடத்தில் நிறுத்துவது என்ன தீர்வு? இதில் உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம், தகராறு இல்லை. எனக்கு உறுத்துவது இன்னொன்று. ஏழு வருஷ வாதத்தில் மதம் பேசினார்கள், அரசியலமைப்பு பேசினார்கள், பழமை பேசினார்கள், அம்மாக்கள் இரண்டு தரப்புக்கும் ஒரு மேற்கோளாகவே இருந்தார்கள். ஜெயித்த பிறகாவது அந்தக் கடித வரியை ஒரு பலகையில் எழுதித் திட்டின் ஓரத்தில் நட்டால் என்ன?

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கட்டணம் எதுவும் கிடையாது. சிலுவை நிற்கிற திட்டில் காரை நிறுத்த இடமில்லை, தள்ளி எங்காவது நிறுத்திவிட்டு நடந்து வந்து ரோட்டைக் கடக்க வேண்டும். தகட்டைப் படிக்க வேண்டுமானால் கடந்தே ஆக வேண்டும், வண்டியிலிருந்து ஒரு எழுத்துகூடத் தெரியாது, இதுவும் அந்த வழக்கில் ஒரு வாதமாக வந்தது. அதனால் காலையும் மாலையும் ஆபீஸ் நேரத்தில் போகாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை காலை உத்தமம். சின்னக் குழந்தைகளைக் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள், திட்டில் ஓடி விளையாட விடாதீர்கள். தகடு வெயிலும் மழையும் தின்று மங்கிப்போனது, பெயர்களைப் போட்டோவில் தெளிவாக எடுக்க வேண்டுமானால் சூரியன் பக்கவாட்டில் இருக்கிற நேரம் நல்லது. வீல்சேரில் வருகிற பெரியவர்களைக் கூட்டிவருகிறீர்கள் என்றால் முன்கூட்டியே வழியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக மட்டும் வண்டி எடுக்க மனசு வரவில்லை என்றால் சேர்த்துப் பார்க்க விஷயம் இருக்கிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மற்ற போர்களின் நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன, இரண்டாம் உலகப் போர், கொரியா, வியட்நாம், 2001 செப்டம்பர் 11 தோட்டம் என்று. 1814 ஆகஸ்ட் 24 அன்று பிரிட்டிஷ் படை இதே பிளாடன்ஸ்பர்க்கில் அமெரிக்கப் படையைத் துரத்திவிட்டு, அன்று இரவே வாஷிங்டனுக்குள் நுழைந்து வெள்ளை மாளிகையைக் கொளுத்தியது, அந்தச் சண்டைக்கும் இங்கே ஒரு சின்னம் உண்டு. அமெரிக்கர்கள் பெருமையாகப் பேசுகிற சண்டை இல்லை அது, அதனால்தானோ என்னவோ கூட்டமும் இல்லை. அனகோஸ்டியா ஆற்றங்கரைப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது, உட்கார, பிள்ளைகள் ஓட, கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரிக்க எல்லாம் அங்கேதான் வசதி. முதலில் சிலுவைக்குப் போய்ப் பெயர்களைப் படித்துவிட்டு அப்புறம் ஆற்றங்கரைக்குப் போங்கள். மாற்றிப் போனால் சாப்பிட்ட பிறகு ரோட்டைக் கடக்க யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.